பாதி முகவரி

விபிஏ மொழியில் எழுதப்பட்ட மேக்ரோ ஒன்று தவறு செய்தால், சாதாரணமாக அது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். 6 என்றால் கொள்ளளவை மீறிய தொகை, 9 என்றால் இல்லாத தாளை நாடியது, 13 என்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து என்று, அதனோடு சில காலம் பழகியவர்கள் புத்தகத்தைப் புரட்டாமலே காரணம் சொல்லிவிடுவார்கள். எண் எதுவும் சொல்லாமல், சேமிக்கட்டுமா என்றும் கேட்காமல், எக்செல் முழுவதும் திரையிலிருந்து அந்தர்த்தானமாகிவிடுவதோ வேறு விஷயம். பிழை நேர்ந்தால் பிடிப்பதற்கென்று மேக்ரோவில் எழுதி வைக்கும் 'ஆன் எர்ரர்' வரிகள்கூட அங்கே பயன்படா, ஏனெனில் பிடிக்க வேண்டிய கையே உடலோடு சேர்ந்து போய்விடுகிறது.

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் சம்பளப் பிரிவில் இத்தகைய வியாதி ஒன்றைப் பார்க்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் அந்தத் தொழிலாளியின் விவரங்கள் க்ளிப்போர்டுக்குப் போகும், அங்கிருந்து வேறொரு மென்பொருளில் ஒட்டிக்கொள்ளலாம். பழைய கணினிகளில் பட்டன் ஒழுங்காக வேலை செய்தது. புதிதாக வாங்கியவற்றில் அழுத்திய மாத்திரத்தில் எக்செல் மறைந்தது. "புது மெஷினுக்கு ராசியில்லை ஸார்" என்று அங்கிருந்த இளைஞர் சொன்னார். அவர் சொன்ன காரணத்தை ஏற்காவிட்டாலும், பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள பேதத்தில்தான் விஷயம் இருக்கிறது என்ற அவருடைய அனுமானம் சரியென்பதைப் பின்னால் கண்டேன்.

முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றைச் சந்தேகித்தேன். எக்செல் திறக்கும்போது தானாக வந்து சேரும் ஆட்-இன்களை நிறுத்தி, எக்ஸ்எல்ஸ்டார்ட் என்னும் ஃபோல்டரைக் காலி செய்து பார்த்தும் பலனில்லை. ஒரு கட்டத்தில் எழுதியதைக் கண்டு எழும் மேக்ரோ மறுபடி ஒரு கட்டத்தில் எழுத, அதைக் கண்டு அதுவே மறுபடி எழுந்து, இப்படி முடிவில்லாமல் தன்னைத் தானே அழைத்துக்கொண்டு மூச்சு முட்டிப் போவது பிரசித்தமான காரணம். ஆனால் இந்த ஃபைலை எழுதியவர், எழுதுவதற்கு முன் 'எனேபிள் ஈவென்ட்ஸ்' என்பதை அணைத்துவிட்டுப் பின்னர் ஏற்றும் முறையைச் சிரத்தையாகக் கடைப்பிடித்திருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டானது அப்போதுதான்.

எஃப்8 விசையை அழுத்தி ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கலாம்தான். ஆனால் எக்செல்லே மறையும்போது எந்த வரியில் நின்றோம் என்பதும் மறைந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, ஒரு வார்த்தை எழுதி, உடனே மூடும்படி செய்தேன். மூடுவதுதான் முக்கியம், மூடாமல் விட்டால் எழுதியது வட்டில் இறங்கும் முன்பே நிரலோடு சேர்ந்து மாய்ந்துவிடக்கூடும். மறைந்த பிறகு திறந்து பார்த்தபோது, 'நினைவகம் கேட்டாயிற்று' என்பது கடைசி வரியாக இருந்தது. 'எழுதியாயிற்று' என்ற அடுத்த வரி வரவில்லை.

விபிஏவுக்குச் சொந்தமாக க்ளிப்போர்டு என்ற பொருள் கிடையாது. அதனால் அந்நாளைய மேக்ரோக்காரர்கள் 'டிக்ளேர்' என்ற வாக்கியத்தின் மூலம் விண்டோஸையே நேரில் அழைத்து, குளோபல்அலாக், குளோபல்லாக் ஆகிய செயல்களால் நினைவகத்தில் இடம் கேட்டு, அதன் முகவரியை 'லாங்' என்ற 32 பிட் எண்ணில் வாங்கிக்கொண்டு, அங்கே எழுத்துக்களை இறக்குவார்கள். 32 பிட் ஆபீஸில் முகவரியும் 32 பிட்தான், இரண்டும் பொருந்தின. 64 பிட் ஆபீஸிலோ முகவரி 64 பிட். லாங் மட்டும் 32 பிட்டாகவே நிற்பதால், ஊரும் தெருவும் கிழிந்துபோய் வீட்டு இலக்கம் மாத்திரம் மிஞ்சிய தபாலைப் போல, முகவரியின் கீழ்ப்பாதிதான் கையில் சேர்கிறது. அந்தப் பாதி முகவரிக்கு எழுதப் போனால், அது நமக்கு உரிமையில்லாத இடமாகையால் விண்டோஸ் அந்த க்ஷணமே நிரலை முடித்துவிடுகிறது. ஆபீஸில் 64 பிட் வடிவம் 2010இல் வந்தது. 2019 முதல் வழக்கமான நிறுவலே அதுவாகிவிட்டது. புதுக் கணினிகளின் ராசி இதுதான்.

ஆனால் இதற்குக் காவல் ஒன்று உண்டே என்பது என்னை விடாமல் உறுத்தியது. 64 பிட் ஆபீஸ், பழைய டிக்ளேர் வரிகளைக் கண்டால் மேக்ரோவை ஓடவே விடாது. இவ்வரிகளை மறுபரிசீலனை செய்து திருத்துங்கள், பிறகு 'பிடிஆர்சேஃப்' என்ற முத்திரையை இடுங்கள் என்று சொல்லி நிறுத்தும். இங்கே முத்திரை இருந்தது, திருத்தம் இல்லை. யாரோ ஒருவர் செய்தியின் இரண்டாம் பாதியை மட்டும் நிறைவேற்றியிருந்தார். முத்திரையை இட்டதுமே எச்சரிக்கை மறைந்துவிடும், இட்டவர் சொன்னதை ஆபீஸ் அப்படியே நம்பும். அவசரத்தில் இருந்த ஒருவர் அத்தோடு எழுந்து போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அதே மாட்யூலின் அடியில், அழிக்காமல் குறிப்பாக்கி விடப்பட்ட இன்னும் பழைய வரிகள் கிடந்தன. அவற்றில் நினைவகத்தின் பிடி, அதாவது கேட்டுப் பெற்ற இடத்தைக் குறிக்கும் எண், 'இன்டிஜர்' என்ற 16 பிட் எண்ணில் வாங்கப்பட்டிருந்தது. லைப்ரரியின் பெயர் 'கெர்னல்32' அல்ல, வெறும் 'கெர்னல்'. அதாவது 1993இல் எக்செல் 5 விபிஏவுடன் வந்தபோது வழங்கிய 16 பிட் விண்டோஸ் காலத்தது. முதலில் எழுதிய கணக்கர் ஓய்வு பெற்று அதே ஊரில்தான் இருந்தார்; போய்க் கேட்டேன். "விண்டோஸ் 95 வந்தப்போ இதே கூத்துதான் தம்பி. பிடியெல்லாம் லாங் ஆக்கினாத்தான் ஓடிச்சு" என்றார். ஆக, இன்று குற்றவாளியாகக் கண்டுபிடித்த லாங், ஒரு காலத்தில் இதே வியாதிக்குக் கொடுத்த மருந்து.

இப்போதைய மருந்து 'லாங்பிடிஆர்'. 32 பிட்டில் நான்கு பைட்டும் 64 பிட்டில் எட்டு பைட்டுமாக அது இடத்துக்கேற்ப விரியும். பிடிகள், முகவரிகள், நினைவகத்தின் அளவு ஆகியவற்றை மட்டும் அதற்கு மாற்றினேன். எல்லா லாங்கையும் மாற்றிவிடுவது சிலர் செய்யும் மூடத்தனம், இடம் கேட்கும்போது தரும் அடையாள எண்கள் லாங்காகவே இருக்க வேண்டும். பட்டன் புதுக் கணினியில் வேலை செய்தது. பிறகு 'டிக்ளேர்' என்ற சொல்லைத் தேடிப் பிரிவின் மற்ற ஃபைல்களையும் பார்த்ததில், போனஸ் கணக்கிலும் கடன் பிடித்தத்திலும் இதே வரிகள் நகலாகக் கிடைத்தன, அவற்றையும் திருத்தியாயிற்று. வைப்புநிதிக் கணக்கின் மேக்ரோவுக்கு மட்டும் யாரோ கடவுச்சொல் போட்டிருக்கிறார். அது இன்னாரென்று தெரியாததால், அந்த ஒரு ஃபைலுக்காக 32 பிட் ஆபீஸ் உள்ள கணினி ஒன்றை விற்காமல் வைத்திருக்கிறார்கள்.