குலேப்ரா வெட்டின் விநோத இயந்திரங்கள்

பனாமா கால்வாயின் கதையில் மிகக் கடினமான பகுதி குலேப்ரா வெட்டு. இரண்டு பெருங்கடல்களுக்கும் நடுவே எழுந்து நின்ற நீர்பிரி மேட்டை ஏறத்தாழ ஒன்பது மைல் நீளத்துக்குப் பிளந்த பள்ளம் அது. 1904க்குப் பிறகு அமெரிக்கர்கள் அந்த ஒரு வெட்டில் மட்டும் ஒன்பது கோடி கன கெஜத்துக்கு மேல் மண்ணும் பாறையும் அள்ளினார்கள். இன்று அங்கே போகிறவருக்குத் தெரிவது தண்ணீர், கப்பல், படிகளாகச் செதுக்கிய மலைச்சரிவு, அவ்வளவுதான். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு காலத்தில் 76 மைல் நீளத்துக்குத் தண்டவாளம் கிடந்தது என்று சொன்னால் நம்புவது சிரமம்.

முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1881இல் லெசப்ஸ் என்பவரின் கம்பெனி வேலையைத் தொடங்கி 1889இல் நொடித்துப்போனது. அவர்கள் கொண்டுவந்த தோண்டு இயந்திரத்தில் ஒரு முடிவில்லாச் சங்கிலியில் வரிசையாக வாளிகள் கோத்திருக்கும். சங்கிலி சுற்றச் சுற்ற வாளிகள் மண்ணைச் சுரண்டி மேலே கொண்டுவந்து கொட்டும். இளகிய மண்ணில் அது நன்றாக வேலை செய்தது. பாறை வந்தால் திணறியது. அள்ளிய மண்ணைக் கொண்டுபோகச் சிறிய வண்டிகளும் மெலிந்த தண்டவாளமும்தான் இருந்தன. அவர்களுடைய தோல்விக்குக் காய்ச்சலையும் ஊழலையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மை. ஆனால் அள்ளிய மண்ணை எப்படி அப்புறப்படுத்துவது என்ற கேள்விக்கும் அவர்களிடம் சரியான விடை இல்லை.

1905இல் தலைமைப் பொறியாளராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ் ரயில்வேயில் வளர்ந்தவர். வந்ததும் தோண்டுவதை நிறுத்திவைத்தார். குடியிருப்பு, குடிநீர், கொசு ஒழிப்பு, தண்டவாளம் இவற்றை முதலில் சரிசெய்தார். அவர் கண்ணில் கால்வாய் என்பது தோண்டும் வேலையைவிட ரயில் ஓட்டும் வேலை. அந்தப் பார்வையால்தான் குலேப்ராவின் விநோத இயந்திரங்கள் வேலைக்கு வந்தன.

எல்லோரும் படம் பிடித்தது நீராவி மண்வாரியைத்தான். 1906 நவம்பரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளைக் கோட்டுடன் ஏறி உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டதும் அதிலேதான். கால்வாய்க்கு வாங்கிய 102 மண்வாரிகளில் 77 பியூசைரஸ் தயாரிப்பு. மீதியில் பெரும்பாலானவை மரியான் கம்பெனியுடையவை. பெரிய வகை 95 டன் எடை. அதன் வாளி ஒரே அள்ளலில் ஐந்து கன கெஜம், அதாவது ஏறக்குறைய எட்டு டன் பாறையைத் தூக்கும். பார்ப்பதற்குக் கொதிகலன் ஏற்றிய ரயில் பெட்டி ஒன்றின் முனையில் கை முளைத்ததுபோல் இருக்கும். இன்றைய பொக்லைனைப்போல் உடம்பு முழுதும் சுழலாது. முன்னால் இருக்கும் கை மட்டும் இடமும் வலமும் திரும்பும். கைக்கு எட்டியதை அள்ளி முடித்ததும் முன்னே சில அடி நீளத் தண்டவாளத் துண்டை இட்டு, வண்டியை நகர்த்தி, பக்கவாட்டு முட்டுகளை இறுக்கிவிட்டுத்தான் மறுபடி அள்ள முடியும். துண்டுத் தண்டவாளத்தைத் தூக்கி வைப்பதும் முட்டுக்கட்டை போடுவதும் குழியில் நிற்கும் கூலிக்காரர்கள் பொறுப்பு.

இந்த இயந்திரத்தை ஒரே ஆள் ஓட்ட முடியாது. உள்ளே லீவர்களைப் பிடித்திருக்கும் எஞ்சினியர் வாளியை உயர்த்துவார், கையைத் திருப்புவார். இன்னொருவர் வெளியே, கையின் மேலேயே ஒரு மேடையில் நிற்பார். வாளிக்கோலைப் பாறைக்குள் அழுத்தித் தள்ளுவதும், வண்டிக்கு நேரே வந்ததும் கயிற்றைச் சுண்டி வாளியின் அடிக்கதவைத் திறந்துவிடுவதும் அவர் வேலை. ஏற்றத்தில் மேலே மிதிப்பவரும் கீழே சால் பிடிப்பவரும்போல இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் அழுத்தும் நேரமும் மற்றவர் தூக்கும் நேரமும் பிசகினால் வாளி பாதி காலியாக வரும், அல்லது சங்கிலி அறும். இருவருக்கும் பின்னால் கொதிகலனுக்குக் கரி போடும் ஃபயர்மேன்கள். எஞ்சினியருக்கு மாதம் 210 டாலர், கைமேல் நிற்பவருக்கு 185 டாலர். கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிக்கு மணிக்குப் பத்து சென்ட்தான். முன்னவர் இருவருக்கும் தங்கப் பட்டியல், பின்னவருக்கு வெள்ளிப் பட்டியல் என்று சம்பள வரிசையே தனித்தனியாக இருந்தது.

கால்வாய் நிர்வாகம் 1907இல் தொடங்கிய வாரப் பத்திரிகை, எந்த எண் மண்வாரி எவ்வளவு அள்ளியது என்று அச்சிட்டது. அதிலிருந்து போட்டி மூண்டது. 1910 மார்ச்சில் 123ஆம் எண் மண்வாரி, 26 வேலைநாட்களில் 70,000 கன கெஜத்துக்கு மேல் அள்ளியது. நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான ஊக்கத்தொகை வேறு கிடைத்திருக்காது.

மண்வாரி எத்தனை வேகமாக அள்ளினாலும், பக்கத்துத் தண்டவாளத்தில் காலி வண்டி நிற்காவிட்டால் பயனில்லை. வேலை மும்முரமாக இருந்த காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 மண் ரயில்கள் வெட்டிலிருந்து வெளியே போயின. இத்தனை ரயில்களையும் சட்டியில் மண் அள்ளிக் காலி செய்ய ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டியிருந்திருக்கும். அதற்கு வந்ததுதான் லிட்ஜர்வுட் கருவி. வண்டிகள் தட்டையான மரத்தளங்கள். ஒரு பக்கம் மட்டும் சுவர், மறுபக்கம் திறந்தவெளி. இரண்டு வண்டிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை இரும்புத் தகடு மூடும், ஆக ரயில் முழுதும் ஒரே நீண்ட மேடை. கடைசி வண்டியில் மூன்று டன் எடையுள்ள கலப்பை. முன்னால் வின்ச் ஏற்றிய வண்டி, அதற்கு நீராவி ரயில் எஞ்சினிலிருந்தே வரும். வின்ச் கம்பிவடத்தை இழுக்க, கலப்பை கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டிவரை உழுதுகொண்டு போகும். இருபது வண்டி மண் பத்து நிமிடத்தில் பக்கவாட்டில் சரிந்துவிடும்.

சரிந்த மண் தண்டவாள ஓரத்தில் குன்றாகக் கிடக்கும். அதைப் பரப்ப மற்றொரு வண்டி வந்தது. அதன் இருபுறமும் எஃகுச் சிறகுகள். காற்றழுத்தத்தில் அவை இறங்கும், ஏறும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, சிறகு மண்ணை வெளிப்பக்கமாகத் தள்ளிச் சமன்படுத்தும். இப்படிக் கரை அகன்றதும் தண்டவாளத்தையே புதிய விளிம்புக்கு நகர்த்த வேண்டும். வெட்டுக்குள்ளும் அதே கதை: மண்வாரி முன்னேற முன்னேறத் தண்டவாளமும் கூடவே நகர வேண்டும்.

இங்கேதான் பனாமா ரயில்வேயின் மேலாளர் வில்லியம் பியர்ட் 1906இல் வடிவமைத்த தண்டவாள நகர்த்தி வருகிறது. பாரந்தூக்கி பொருத்திய வண்டி அது. தான் நிற்கும் பாதைக்கு முன்னாலிருக்கும் தண்டவாளத்தை, ஸ்லீப்பர் கட்டைகளோடு அப்படியே தூக்கி, ஒன்பது அடிவரை பக்கவாட்டில் நகர்த்தி வைத்துவிடும். அறுநூறு பேர் செய்ய வேண்டிய ஒரு மைல் நகர்வை ஒரு டஜனுக்கும் குறைவான ஆட்கள் ஒரே நாளில் முடித்தார்கள். குலேப்ராவின் உண்மையான கண்டுபிடிப்பு என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அது இந்த அழகற்ற வண்டிதான். மண்வாரி வேறு இடங்களிலும் இருந்தது. இதுவோ இந்த ஊரின் தேவையிலிருந்து பிறந்தது. அதிபர்கள் இதில் ஏறிப் படமெடுத்துக்கொள்ளவில்லை.

இயந்திரத்தால் மட்டும் முடியாத வேலை வெடிவைப்பு. காற்றழுத்தத் துளைப்பான்கள் பாறையில் குழிகள் போட, தலையில் டைனமைட் பெட்டி சுமந்து வந்து குழிகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பார்படாஸ், ஜமைக்காக்காரர்கள். வெடிக்காமல் புதைந்து கிடந்த தோட்டாவை மண்வாரியின் பல் தட்டினால் முடிந்தது. 1908 டிசம்பர் 12 அன்று பாஸ் ஓபிஸ்போ என்ற இடத்தில் 22 டன் டைனமைட் முன்கூட்டியே வெடித்து 23 பேர் இறந்தார்கள். அமெரிக்கக் காலத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்தவர்கள் என்று பதிவானவர் 5,609 பேர். பெரும்பகுதியினர் கரீபியன் தீவுக்காரர்கள். 1963இல் பனாமாவின் வரலாற்றுச் சங்கம் ஒன்று வயதான அந்தத் தொழிலாளர்களிடம் நினைவுகளை எழுதி அனுப்பக் கேட்டு ஒரு போட்டி வைத்தது. வந்த கடிதங்களில் சாதனைக் கணக்கு அதிகம் இல்லை. ஓயாத மழை, காயாமல் மறுநாளும் உடுத்திய ஈரத்துணி, குளிர்காய்ச்சல், ரயிலில் அடிபட்ட சிநேகிதன் ஆகியவையே நிறைந்திருந்தன.

மலையும் சும்மா இருக்கவில்லை. 1907 அக்டோபரில் குகராச்சா என்ற மலைச்சரிவு பள்ளத்துக்குள் இறங்கி வந்தது. அதன்பிறகு சரிவுகள் ஓயவே இல்லை. தண்டவாளங்கள் முறுக்கிக்கொண்டன, மண்வாரிகள் புதைந்தன, சில இடங்களில் பள்ளத்தின் தரையே மேலே உப்பியது. வெட்டின் மேல்வாய் 670 அடி போதும் என்று போட்ட கணக்கு, கடைசியில் 1,800 அடியில் போய் நின்றது. அள்ளியதையே திரும்ப அள்ளியவர்களின் சலிப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை.

1913 மே 20 அன்று எதிரெதிர்த் திசையிலிருந்து தோண்டி வந்த 222, 230 ஆகிய இரண்டு மண்வாரிகள் அடித்தளத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. அக்டோபர் 10இல் காம்போவாவில் தண்ணீரைத் தடுத்து நின்ற கரையைத் தகர்த்துத் தண்ணீர் விட்டார்கள். அதற்கு முன்பே தண்டவாளமும் வண்டிகளும் எடுக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய சரிவு மண்ணை அள்ளும் வேலை மிதவைத் தூர்வாரிகளுக்குப் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழைய வாளிச் சங்கிலித் தூர்வாரிகளும் பழுதுபார்க்கப்பட்டு அதில் சேர்ந்தன. 1914 ஜனவரி 7 அன்று கால்வாயை முதன்முதலாக முழுதும் கடந்த கலமும் ஒரு பழைய பிரெஞ்சுப் பாரந்தூக்கிப் படகுதான், பெயர் அலெக்சாண்டர் லா வாலே. முறைப்படியான திறப்பு ஆகஸ்ட் 15இல் நடந்தது. 1915 செப்டம்பரில் மலை மறுபடி சரிந்து கால்வாயை அடைத்தது. 1916 ஏப்ரலில் பாதை திறக்கும்வரை தூர்வாரிகள் வேலை செய்தன.