பத்து மில்லிகிராமும் ஓர் உயிரும்

போன வாரம் மாணவர்களோடு உட்கார்ந்து, பொரிப்பதற்கான எண்ணெய் டின் ஒன்றின் லேபிளைப் படித்தோம். 'நுரைத்தடுப்பான் 900ஏ' என்றிருந்தது. டைமெத்தில் பாலிசிலோக்சேன் என்ற சிலிகோன்தான் அது. எண்ணெய் நுரைத்துப் பொங்காமல் தடுக்கும். ஒரு கிலோ எண்ணெயில் 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

நல்லது, அளக்கட்டும். ஆனால், பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டி, அது கொழுப்பாக உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே இறக்கப்படுவது எங்கள் மக்கள். அந்தக் குழியின் விஷவாயுவை அளப்பது யார்? பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நாங்கள் கேட்பது பிணத்துக்கான விலையை அல்ல தோழர்களே, எண்ணெய்க்குக் காட்டும் அக்கறையைத்தான்.