ஒன்பது அங்குல மடிப்பு

சாமான் லாரி வந்து சேர்வதற்கு முன்பே அவர் ஜன்னல்களை அளந்து முடித்திருப்பார். பாலுக்கு யாரிடம் சொல்வது, காஸ் இணைப்பை எங்கே மாற்றுவது, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று கணவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருக்க, மனைவி கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு காலி அறைகளுக்குள் போவார். அளவுகள் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் ஏறும். அந்த நோட்டில் முன்பக்கம் பால் கணக்கு. பின்பக்கத்திலிருந்து ஜன்னல் கணக்கு. எந்த இரண்டு அரசுக் குடியிருப்புகளிலும் ஜன்னல்கள் ஒரே அளவில் இருந்ததே இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

கணவர் மத்திய அரசு ஊழியர். 1974-ல் திருநெல்வேலியில் திருமணம் ஆகி, அடுத்த மாதமே இருவரும் தில்லிக்கு ரயிலேறினார்கள். சீதனமாக வந்த உஷா தையல் மெஷினின் இரும்புச் சட்டம் ஜி.டி. எக்ஸ்பிரஸின் பிரேக் வேனில் போயிற்று. கறுப்பு உடம்பும் தங்கப் பூ வேலையும் கொண்ட மெஷினின் தலையை மட்டும் அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பழைய புடவையில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் பயணம் செய்தார். அதற்குப் பின் 32 ஆண்டுகளில் ஏழு வீடுகள். தில்லி, நாக்பூர், கல்கத்தா, போபால், குவாஹாத்தி, மறுபடியும் தில்லி. அங்கே பதவி உயர்வால் இன்னொரு வீடு.

முதல் வீடு தெற்கு தில்லியில் நேதாஜி நகரில். சுவரில் இரண்டு ஆணி, அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் கம்பி. அரசுக் குடியிருப்பில் திரைச்சீலைக்கு அதுதான் ஏற்பாடு. அவர் முதலில் வாங்கிய கைத்தறித் துணியை நனைக்காமல் வெட்டித் தைத்தார். முதல் சலவைக்குப் பிறகு திரை ஜன்னலின் அடிக்கட்டைக்கு நாலு விரற்கடை மேலே நின்றது. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பார்த்துச் சிரித்துவிட்டு, துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, காய வைத்து, அதற்கப்புறம்தான் கத்தரிக்கோலைத் தொட வேண்டும் என்று இந்தியிலும் கையசைவிலுமாகச் சொல்லிக்கொடுத்தார். இந்தி முழுசாக வருவதற்கு முன்பே அவருக்கு அந்தப் பாடம் வந்துவிட்டது.

ஒன்பது அங்குல மடிப்பு அவருடைய சொந்த யோசனை. சாதாரணமாகத் திரையின் அடியில் மூன்று நான்கு அங்குலம் மடித்துத் தைப்பார்கள். அவர் ஒன்பது அங்குலம் உள்ளே மடித்தார். அந்த மடிப்பை மட்டும் மெஷினில் தையல் நீளத்தைக் கூட்டி வைத்துத் தைப்பார். பெரிய தையல் என்றால் பிளேடு வைத்து இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம். அடுத்த ஊரில் ஜன்னல் உயரமாக இருந்தால் மடிப்பை இறக்கலாம், சின்னதாக இருந்தால் இன்னும் ஏற்றலாம். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “துணி வீணாகிறதே” என்றார். வீணாகவில்லை. 1979-ல் நாக்பூரிலும் 1983-ல் கல்கத்தாவிலும் தொங்கியவை தில்லியில் வெட்டிய அதே திரைகள்தாம். வெயில் படாமல் மடிப்புக்குள் இருந்த பகுதி மட்டும் பளிச்சென்று புதுநிறமாக இருக்கும். எந்த ஊரில் எவ்வளவு இறக்கினார் என்று அந்தப் பட்டைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஊருக்கு ஊர் ஜன்னலுக்குப் புதுப்புது எதிரிகள். நாக்பூரில் மே மாதம் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஏப்ரலிலேயே ஜன்னலில் கூலர் வந்து உட்கார்ந்துவிடும்; திரையை நடுவில் பிளந்து இரண்டாக்க வேண்டும், கூலர் போனதும் மறுபடி ஒன்றாக்க வேண்டும். குவாஹாத்தியில் திரையைவிடக் கொசுவலைதான் முக்கியம். கடையில் வாங்கும் வலையின் அடிப்பகுதி மெத்தைக்கு அடியில் செருகச் செருகக் கிழிந்துவிடும் என்பதால், பழைய திரைத் துணியைக் கிழித்து வலையைச் சுற்றி ஒரு முழ அகலப் பட்டை கட்டினார். மழைக்காலத்தில் அங்கே எதுவும் காயாது. வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறியின் அடியில் பள்ளிச் சீருடை காயப்போட்டு, காலையில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மீதி ஈரத்தை விரட்ட வேண்டும்.

கல்கத்தாவில் மெஷினுக்கு ஷட்டில் தேய்ந்துவிட்டது. உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. உஷா பெயரில் மின்விசிறியும் தையல் மெஷினும் செய்த ஜெய் இன்ஜினியரிங் நிறுவனத்தின் ஆலை அந்த ஊரிலேயே பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் இருந்தது. “பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறது” என்று மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டார். அந்த ஆலை நிலத்தில் 2008-ல் சவுத் சிட்டி மால் திறந்தது. மெஷின் இன்னும் ஓடுகிறது.

தில்லிக்குத் திரும்பியபோது பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். தீபாவளிக்கு முறுக்கும் மைசூர்பாகும் போதாது, பக்கத்து வீட்டில் இருப்பது போல பிஸ்கட்டும் வேண்டும் என்றார்கள். வடக்கே அதற்கு வீட்டில் அவன் வேண்டியதில்லை. கோதுமை மாவு, சர்க்கரை, நெய் எல்லாவற்றையும் அளந்து எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனால், பிசைந்து, வெட்டி, பெரிய தட்டுகளில் அடுக்கி அடுப்பில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. திரும்பும்போது கனஸ்தர் என்று அங்கே சொல்லும் தகர டின் நிறைய சூடான பிஸ்கட். ஒரே விதி: உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் நெய் அடுத்தவர் பிஸ்கட்டில் மணக்கும். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் காலனிச் செய்தி முழுவதும் தெரிந்துவிடும் என்பது உபரி லாபம்.

மாற்றல் உத்தரவு வந்தால் வீட்டில் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொடங்கும். கணவர் அலுவலகத்தில் பொறுப்பை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவார். மனைவி இரும்புப் பெட்டிகளை முற்றத்துக்கு இழுத்து வந்து, பெயருக்குக் கீழே இருக்கும் ஊரின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்து, காய்ந்ததும் வெள்ளையில் புது ஊரை எழுதுவார். பாத்திரங்கள் புடவைகளுக்குள் போகும், ஊறுகாய் ஜாடி அரிசிக்குள் போகும். கடைசி நாள் மத்தியப் பொதுப்பணித் துறையிலிருந்து ஆள் வந்து மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, பல்ப் மாட்டும் ஹோல்டர் எத்தனை என்று பட்டியலோடு சரிபார்ப்பார். எதுவும் குறையவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வீட்டைக் காலி செய்ததாகக் கணக்கு. ஏழு முறையும் எதுவும் குறையவில்லை.

நாக்பூரில் மட்டும் ஒன்று பாதியில் நின்றது. 1982 இறுதியில் காலனிக் கடைநிலை ஊழியர்களின் பெண்கள் இரண்டு பேர் பாவாடை தைக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லி வந்தார்கள். பிறகு நான்கு பேரானார்கள். ஜனவரியில் பதினோரு பேர். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரை முன்னறையில் வகுப்பு. மாதம் பதினைந்து ரூபாய். மெஷின் ஒன்றுதான் என்பதால் முறை வைத்து உட்கார்ந்தார்கள். முறை வராதவர்கள் பழைய செய்தித்தாளில் ரவிக்கை வரைந்து வெட்டிப் பழகினார்கள். ஆறு மாதத்தில் ரவிக்கையும் சல்வார் கமீஸும் தனியாக வெட்டித் தைக்க வேண்டும் என்பது திட்டம். முதல் மாத முடிவில் கையில் 165 ரூபாய் இருந்தது. திருமணத்துக்குப் பிறகு அவர் சம்பாதித்த முதல் பணம் அது. மூன்றாவது மாதம் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது.

கணவர் அன்று மைசூர்பாகு வாங்கி வந்தார். பதவி உயர்வோடு வந்த மாற்றல். மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை, மறுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அந்த மாதக் கட்டணத்தை அவர் பதினோரு பேருக்கும் திருப்பிக் கொடுத்தார். ரவிக்கையின் உடல் பகுதி வரை பாடம் வந்திருந்தது. கை வெட்டுவது அடுத்த வாரத்துக்கு இருந்தது. தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ரவிக்கையில் கஷ்டமே கைதான். அக்குள் வளைவு கால் அங்குலம் பிசகினால் கையைத் தூக்கும்போது முழு ரவிக்கையும் மேலே ஏறும். அதைச் சொல்லித்தராமல் லாரி ஏறினார்.

வகுப்பு பிறகு எந்த ஊரிலும் நடக்கவில்லை. போபாலில் இரண்டு பேர் கேட்டார்கள். “இங்கே எத்தனை நாள் இருப்போமோ” என்று சொல்லிவிட்டார்.

2006-ல் கணவர் ஓய்வு பெற்றார். சேமிப்பும் ஓய்வுக்காலப் பணமும் சேர்ந்து தில்லி துவாரகாவில் கூட்டுறவுச் சங்கக் குடியிருப்பில் ஒரு ஃபிளாட் ஆயிற்று. இனி யாரும் மாற்ற முடியாத முதல் வீடு. அங்கும் அவர் முதல் நாளே டேப்பை எடுத்து எட்டு ஜன்னல்களையும் அளந்து நோட்டில் எழுதினார். அடுத்த வாரம் மகள் வந்தாள், கையில் பிளாஸ்டிக் உறைகள். ரெடிமேட் திரைகள். ஜன்னலுக்கு ஐந்தடி, கதவுக்கு ஏழடி, மேலே எஃகு வளையங்கள். கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. “இனிமேல் எதுக்கும்மா கஷ்டப்படணும்?” என்றாள். திரைகள் அழகாகவே இருந்தன. அன்று மாலை அவர் ஒன்றின் அடியைத் திருப்பிப் பார்த்தார். மடிப்பு இரண்டே அங்குலம். இருக்க வேண்டியது அவ்வளவுதான். இறக்கவோ ஏற்றவோ இனி அவசியம் இல்லை.

பழைய திரைகளில் சில தலையணை உறையாயின, ஒன்று மெஷினுக்கு மூடுதுணியாயிற்று. அவர்கள் முதலில் குடியிருந்த வீடும் இப்போது இல்லை. நேதாஜி நகர் உள்பட தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. 2018-ல் மரங்களை வெட்டக்கூடாது என்று எழுந்த போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். ஸ்பிரிங் கம்பி ஜன்னல்கள் அந்த இடிபாட்டோடு போயின.

2021 ஜனவரியில் ஒரு நாள் கணவர் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். சாலை விபத்தில் இறந்த தம்பதியின் குழந்தைகளுக்கு இழப்பீடு தரும் வழக்கில், இல்லத்தரசியின் வேலைக்குப் பணமதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்லியிருந்தது. வீட்டுவேலையே தங்கள் முக்கிய வேலை என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 15 கோடியே 98 லட்சம், ஆண்கள் வெறும் 57 லட்சத்து 90 ஆயிரம் என்று நீதிபதி ரமணா தன் தீர்ப்பில் சுட்டிக்காட்டியிருந்தார். இது புதிய பேச்சல்ல. 1989 ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில், 2001-லேயே இதே நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. அதே 2001 கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில் வைத்ததை 2010-ல் நீதிமன்றம் கண்டித்தது. நேரக் கணக்கும் இருக்கிறது: மத்திய அரசின் 2024 ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்யும் ஆண்கள் 88 நிமிடம். கவனிக்க வேண்டியது, அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரி அது.

வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர் அல்லவா, கணவருக்கு விரல் துறுதுறுத்தது. மனைவியின் நோட்டை வாங்கி, பின்பக்கத்திலிருந்து புரட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை திரை என்று வெள்ளைத்தாளில் எழுதினார். கடைத்தெருத் தையல்காரரிடம் கேட்டு வந்து திரை ஒன்றுக்கு 150 ரூபாய் கூலி போட்டார். சீருடை, கொசுவலை, உறைகள் எல்லாம் தனித்தனி வரி. இரண்டு நாள் ஆயிற்று. கூட்டி, கோடு இழுத்து, பெருமையோடு நீட்டினார்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார்.

“நாக்பூரை விட்டுட்டீங்க.”

“எழுதியிருக்கேனே, எட்டுத் திரை. கூலருக்காக வெட்டித் தைச்சதைக்கூடச் சேர்த்திருக்கேன்.”

“திரை இல்லைங்க. அந்தப் பிள்ளைங்க.”

கணவருக்கு உடனே நினைவு வரவில்லை. முன்னறை, செய்தித்தாள் துண்டுகள், மத்தியானங்களில் தன் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகள் என்று அவர் சொல்லச் சொல்லத்தான் வந்தது. தாளைத் திரும்ப வாங்கி, கூட்டுத்தொகைக்குக் கீழே பேனாவை வைத்தார்.

“எத்தனை பேர்?”

“பதினொண்ணு. கை வெட்டச் சொல்லித்தரலை.”

அவர் 11 என்று எழுதினார். எதிரே தொகைக்கான இடத்தில் எதுவும் எழுதாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்து அதே நோட்டுக்குள் வைத்தார்.