ஐப்பசி வானம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஓர் ஐப்பசி நாளில் பிரயாணமானோம். புறப்படும்போது வெயில் சுட்டெரித்தது. பாதி வழியில் மழை கொட்டிற்று. கோபுரம் கண்ணில் பட்டதும் மறுபடி வெயில்!

வானத்தின் இந்தச் சபல புத்தியை நம்பியே இங்கே சம்பாப் பயிர் நிற்கிறது. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று தருவதுதான். ஆனால் வயலுக்கு உயிரான அதே மழை, 1930-இல் சத்தியாக்கிரகம் கண்ட இவ்வூர் உப்பளங்களில் வேலையை நிறுத்திவிடுகிறது.

இந்திய வானிலைத் துறை வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களின் போக்கைக் கணித்துக் கூறுகிறது. மழை மிகுமா, குறையுமா என்பதை ஒருவாறு அறியலாம். எந்த நாளில், எந்த ஊரில் என்று மூன்று வாரம் முன்னதாக யாரால் சொல்ல முடியும்? புயல் தன் வழியைக் காட்டுவது சில தினங்களுக்கு முன்புதான்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இக்கரையில்தான் ஏறிற்று. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அதன்பின் நட்ட இளந்தென்னைகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "மழை எப்படி?" என்று விசாரித்தோம்.

அவர் கிழக்கே கடலைப் பார்த்தார். "வரட்டும், ஐயா! காற்றை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும்" என்றார்.