ராடு தானாக இறங்கும் மண்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்துக்குத் தமிழர்களிடையே சுண்ணாம்புக் கம்பம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடம். பக்கத்திலேயே எருமையின் பெயரில் தெருக்கள். ரோச்சோர் ஆற்றோரத் தாழ்நிலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லாததால் 19ஆம் நூற்றாண்டில் அங்கே மாட்டு வியாபாரம் நடந்தது. நிலத்தடி மண்ணைக் கணினியில் மாடலாக்குவது என் தொழில். எந்த வட்டாரத்துக்கு மாடல் போட்டாலும் பழைய வரைபடங்களையும் ஊர்ப்பெயர்களையும் முதலில் பார்ப்பேன். மாடு தண்ணீர் குடித்த தாழ்நிலம் என்றால், கீழே களி இருக்கக்கூடும் என்று எச்சரிக்கையாகிவிடுவேன்.

அந்தக் களியை நாங்கள் மரைன் கிளே என்போம். கல்லாங் படிவத்தைச் சேர்ந்தது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறக்குறைய கால்வாசியில் இந்தப் படிவம்தான். பெரும்பாலும் இரண்டு அடுக்காக இருக்கும். கீழடுக்கு லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு கடல் உயர்ந்திருந்தபோது படிந்தது. பிறகு பனியுகத்தில் கடல் நூறு மீட்டருக்கும் மேலாகக் கீழே போனது. வெயில் பட்டு அதன் மேல்பகுதி காய்ந்து இறுகியது. கடல் திரும்பி வந்தபோது, கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள், மேலடுக்கு படிந்தது. இரண்டுக்கும் நடுவே செம்மஞ்சள் நிறத்தில் அந்த இறுகிய அடுக்கு இன்றும் இருக்கிறது. வடிவமைப்பாளர்களுக்கு அதைக் கண்டால் நிம்மதி. ஆனால் அது எல்லா இடத்திலும் தொடர்ந்து இருப்பதில்லை. மண்ணைச் சோதிக்கப் போடும் ஒரு துளையில் சில மீட்டர் தடிமனில் வரும். அடுத்த துளையில் காணாமல் போயிருக்கும்.

துளை போடும் இடத்தில் நின்று பார்த்தால்தான் இந்த மண் புரியும். 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விடுவோம்; குழாய் 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவோம். மரைன் கிளேயில் அந்த எண் பல நேரம் பூஜ்யம். "சார், சுத்தியலே வேண்டாம், ராடு தானா போவுது" என்பார் டிரில்லர். மெல்லிய குழாயில் எடுத்த சாம்பிளை ஆய்வகத்தில் வெளியே தள்ளும்போது பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் வரும். நடுநடுவே சிப்பித் துண்டுகள். கட்டைவிரல் சிரமமில்லாமல் உள்ளே போகும். பிசைந்தால் இன்னும் இளகும். காய்ந்த மண்ணின் எடையில் 60 முதல் 80 சதவீத அளவுக்குத் தண்ணீர். களிக்குள் தகட்டைச் சுழற்றி வலிமை அளக்கும் வேன் சோதனையில் தகடு ஒரு சிப்பியில் இடித்தால் வலிமை கூடுதலாகக் காட்டும். அறிக்கையில் அது வெறும் ஓர் எண்ணாகத்தான் வரும். நேரில் நின்றவருக்குத்தான் அந்த எண்ணை நம்பக்கூடாது என்று தெரியும்.

அலுவலகத்தில் துளைகளுக்கு இடையே கோடு இழுப்பது எளிது. கீழே அப்படியிருக்காது. பழைய ஓடைகள் அறுத்த பள்ளங்களில் களி நிரம்பியிருக்கும். சில மீட்டர் தூரத்திலேயே அதன் ஆழம் பெரிதும் மாறும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் போதாது என்பதை 2004 ஏப்ரல் 20 காட்டியது. வட்டப்பாதை ரயில் தடத்துக்காக நிக்கல் ஹைவே அருகே ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். பிற்பகலில் முட்டுக்கொடுத்திருந்த எஃகுத் தாங்கிகள் நொடித்தன. தோண்டிய பள்ளம் சாலையோடு சேர்ந்து சரிந்தது. நால்வர் இறந்தார்கள். சக தொழிலாளர்களை வெளியேற்ற உதவிய ஃபோர்மேனின் உடல் கிடைக்கவேயில்லை.

2005இல் வந்த விசாரணைக் குழு அறிக்கையை எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். காரணங்கள் பல. தாங்கிகளின் இணைப்பு பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது முக்கியமான ஒன்று. இன்னொன்று மாடலிலேயே இருந்தது. களியின் வலிமையைக் கணினிக்கு இரண்டு வழியில் கொடுக்கலாம். அளந்த வலிமையை நேராகக் கொடுப்பது ஒன்று. உராய்வுக் கோணம் போன்றவற்றைக் கொடுத்து வலிமையைக் கணினியையே கணக்கிடச் சொல்வது மற்றொன்று. இதைத்தான் மெத்தட் ஏ என்கிறார்கள். இளகிய களியை நெருக்கினால் உள்ளிருக்கும் தண்ணீரின் அழுத்தம் ஏறி மண் வலிமை இழக்கும். எளிய மாடலுக்கு அது தெரியாது. களிக்கு இல்லாத வலிமையைக் கொடுத்துவிடும். அங்கே இந்த வழியில் கணக்கிட்டதால், பள்ளத்தைத் தாங்கிய சுவரின் வளைவு விசையும் நகர்வும் உண்மை அளவில் ஏறக்குறைய பாதியாகத்தான் கணக்கில் வந்தன. கணினி பிழைச் செய்தி எதுவும் காட்டவில்லை. காட்டவும் காட்டாது.

அதன் பிறகு சட்டம் இறுகியது. 6 மீட்டருக்கு மேல் ஆழமான தோண்டல்களுக்கு நிலத்தடித் துறையில் தனிப் பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர் பொறுப்பேற்க வேண்டும். டவுன்டவுன் தடத்தின் ரோச்சோர் நிலையத்தை அதே களியில்தான் கட்டினார்கள். கால்வாயையும் சாலையையும் திருப்பிவிட்டு வேலை நடந்தது. 2015 டிசம்பரில் லிட்டில் இந்தியா, ரோச்சோர் நிலையங்கள் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது.

இப்போது வரும் இளைஞர்கள் என்னைவிட வேகமாக மாடல் போடுகிறார்கள். அது எனக்கு மகிழ்ச்சிதான். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: பட்டனைத் தட்டுவதற்கு முன் ஒரு நாள் பூட்ஸ் போட்டுக்கொண்டு துளை போடும் இடத்துக்குப் போங்கள். டிரில்லரிடம் பேசுங்கள். சாம்பிளில் விரலை வைத்துப் பாருங்கள். கணினி தரும் வலிமையை, கையால் தொட்ட மண்ணோடு ஒப்பிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.