எண்ணுக்கும் சாட்சி வேண்டும்

அச்சில் ஏறிவிட்டது எதுவாயினும் அது மெய்யாகவே இருக்கும் என்னும் நம்பிக்கை நம் மக்களிடத்தில் வெகு ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. சாத்திரமென்றால் ஏன் என்று கேட்கத் துணிந்த வாலிபர்கள்கூட, இயந்திரம் அச்சிட்ட எண் என்றால் கைகட்டி நின்றுவிடுகின்றனர். இதனை எனக்கு உணர்த்தியது ஒரு மோட்டார் காரும், அதன்பொருட்டு நான் இடவிருந்த ஜாமீன் கையெழுத்துமாகும்.

என் தமக்கையின் மகன் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். பால்மரம் வெட்டி வளர்த்த தாய்க்கு ஒரே பிள்ளை. ஒருநாள் மாலை சுங்கைப்பட்டாணியிலுள்ள என் வீட்டிற்கு வந்து, மேசைமீது ஒரு தாளை விரித்தான். மலைபோல் ஏறி இறங்கும் ஒரு கோடு. அதன் உச்சியில் 182 என்னும் எண். இயந்திரத்தில் பல மாற்றங்கள் செய்யப்பெற்ற ஒரு பழைய காரின் குதிரைச் சக்தியாம் அது. அவ்வெண்ணை முன்னிட்டே, விற்பவர் வழக்கமான விலைக்கு மேல் பன்னிரண்டாயிரம் வெள்ளி கேட்டார். வாங்கும் கடனுக்கு நான் ஜாமீன் நிற்க வேண்டும்.

“மாமா, இது வாய்ச்சொல் அன்று, டைனோவே அச்சிட்டுக் கொடுத்தது” என்றான்.

தாளின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் 1.12 என்றும் 0.85 என்றும் இரண்டு எண்கள் கிடந்தன. அவை யாவை என்று வினவினேன். அவனுக்குத் தெரியவில்லை. பொருள் தெரியாத எண்ணை நம்பிக் கையெழுத்திட என் மனம் ஒப்பவில்லை. மறுநாள் பிற்பகல் அத்தாளைக் கொடுத்த பட்டறைக்கே இருவரும் சென்றோம்.

நிமிடத்திற்கு 33,000 இராத்தல் எடையை ஓரடி உயரம் தூக்கும் வேலையே ஒரு குதிரைச் சக்தி என்று வகுத்தவர் ஜேம்ஸ் வாட். காரை ஓட்டிப் பார்த்து இதனைச் சொல்லிவிட முடியாது. ஆதலின் அதன் சக்கரங்களைக் கனத்த உருளைகளின்மேல் ஏற்றி நிறுத்துகின்றனர். நிறை தெரிந்த அவ்வுருளையை எவ்வளவு விரைவில் வேகங்கொள்ளச் செய்கின்றது என்பதிலிருந்து காரின் சக்தி கணக்கிடப்படுகின்றது. தடை கொடுத்து முறுக்கு விசையை அளக்கும் கருவிகளும் உண்டு. எவ்வகையாயினும், கருவி அறிவது சக்கரத்திற்கு வந்து சேர்ந்த சக்தியை மட்டுமே.

இனி, திருத்த எண் எதற்கு? இயந்திரமும் நம்மைப்போல் மூச்சு விடுகின்றது. காற்று அடர்ந்திருந்தால் அதிக எண்ணெயை எரிக்கும். மெலிந்திருந்தால் குறைவாக எரிக்கும். ஜெராய் மலைச் சாலையில் கார் ஏறுங்கால் அது திணறுவதை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். ஏற்றம் மட்டும் அதற்குக் காரணமன்று. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியில் காற்றழுத்தம் அடிவாரத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. சமவெளியிலும், நண்பகல் வெப்பமும் நீராவியும் காற்றை மெலியச் செய்கின்றன. ஆகவே கெடாவில் வெயிலில் அளந்த காரையும் குளிர்நாட்டில் அளந்த காரையும் ஒப்பிட வேண்டின், இரண்டையும் ஒரு பொது நிலைமைக்குக் கொண்டுவருதல் அவசியம். அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ஜே 1349 என்னும் விதி, 25 பாகை வெப்பத்தையும் 990 மில்லிபார் உலர்காற்றழுத்தத்தையும் அப்பொது நிலைமையாகக் கொள்ளுகின்றது. அதே சங்கத்தின் பழைய விதியோ இன்னும் குளிர்ந்த, அடர்ந்த காற்றை அளவாகக் கொண்டது. அதனால் அவ்விதியின்படி அதே காருக்குச் சற்றேறக்குறைய நூற்றுக்கு நான்கு கூடுதலாகவே வரும்.

இதனைக் கேட்டபொழுது எனக்குத் தோட்டத்துப் பால் கொட்டகை நினைவிற்கு வந்தது. என் தகப்பனார் கொண்டுவந்து ஊற்றிய பாலின் நிறைக்குச் சம்பளம் இல்லை. அதிலுள்ள உலர்ந்த ரப்பருக்கே சம்பளம். நூறு இராத்தல் பாலில் முப்பது முதல் நாற்பது இராத்தல் வரையே ரப்பர் இருக்கும். மங்கில் மழைநீர் விழுந்தால் அதுவும் குறையும். ஆகையால் கிராணி மெட்ரோலாக் என்னும் குழலைப் பாலில் மிதக்கவிட்டு, அது காட்டும் விகிதத்தால் நிறையைப் பெருக்குவார். முறை நியாயமானதுதான். ஆனால் அக்குழல் காட்டியது என்னவென்று என் தகப்பனார் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவும் எவரும் அழைத்ததில்லை. சீட்டில் எழுதிய எண்ணே அவருக்கு உண்மை. குழலின் மேல் எனக்கு அன்றும் வழக்கில்லை, இன்றும் இல்லை. காட்டாமல் எழுதிய எண்ணின் மேல்தான் வழக்கு.

பட்டறைக்காரர் ஒளிவுமறைவு இல்லாதவர். “ஐயா, இவ்வண்டி சக்கரத்தில் கொடுத்தது 138. அதை 1.12ஆல் பெருக்கினோம். இயந்திரத்திலிருந்து சக்கரம் வருவதற்குள் நூற்றுக்குப் பதினைந்து தேய்ந்துவிடும் என்று வைத்து 0.85ஆல் வகுத்தோம். 182 வந்தது” என்றார். 1.12 எங்கிருந்து வந்தது என்றேன். பல மாதங்களாகக் கருவியில் அதே எண் நிலையாக வைக்கப்பட்டிருக்கின்றதென்றும், வருகின்றவர்களுக்கும் அதுவே பிடித்திருக்கின்றதென்றும் சொல்லிச் சிரித்தார்.

அன்றைய வானிலையையே உள்ளிடுமாறு கேட்டுக்கொண்டேன். வெப்பம் 33 பாகை, ஈரப்பதம் நூற்றுக்கு 70. திருத்த எண் 1.037 என வந்தது. கார் மீண்டும் 138 கொடுத்தது, திருத்தினால் 143. மறுநாள் காலை, மழை விட்ட குளிர்ச்சியில், 27 பாகையில் மறுபடி ஏற்றினோம். இப்பொழுது அளந்தது 140. திருத்த எண் 1.02, பெருக்கினால் மீண்டும் 143! வெயிலும் மழையும் வெவ்வேறு சொல்லியும், நேர்மையான திருத்தம் இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. திருத்த எண் பொய்க்குப் பிறந்ததன்று என்பதை நான் கண்ணாரக் கண்டது அப்பொழுதே.

143ஐயும் 0.85ஆல் வகுத்தால் 168 வரும். ஆக, 182இல் பதினான்கு குதிரைகள் கருவியில் உறைந்து கிடந்த ஓர் எண்ணிலிருந்தே பிறந்தவை. மீதியிலும், 143க்கு மேற்பட்ட இருபத்தைந்து அளந்தவை அல்ல, அநுமானித்தவை. ஒவ்வொரு காரிலும் தேய்மானம் சரியாகப் பதினைந்துதான் என்பதற்குச் சாட்சி ஏது? ஐ.எஸ்.ஓ. 1585 என்னும் உலக விதியோ, இயந்திரச் சோதனையில் திருத்த எண் 0.93க்கும் 1.07க்கும் இடையில் நிற்க வேண்டுமென்றும், அவ்வெல்லையைக் கடந்தால் சோதனையின் நிலைமைகளைத் துல்லியமாக எழுதிக் காட்ட வேண்டுமென்றும் கூறுகின்றது. நம் தாளில் 1.12 இருந்தது, நிலைமை ஒன்றும் இல்லை.

இது சிறு பட்டறைகளுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணற்க. 2024 ஜனவரியில் டொயோட்டா நிறுவனம், தன்னைச் சார்ந்த டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் செய்த மூன்று டீசல் இயந்திரங்களின் குதிரைச் சக்திச் சோதனையில், விற்பனை வண்டிகளில் உள்ளதினின்றும் வேறான கணினி நிரல் பயன்படுத்தப்பட்டு, எண்கள் ஏற்றத்தாழ்வின்றிச் சீராகத் தோன்றும்படி செய்யப்பட்டதை வெளிப்படுத்தியது. ஹைலக்ஸ் உள்ளிட்ட பத்து வகை வண்டிகளில் அவ்வியந்திரங்கள் இருந்தன. விற்ற வண்டிகளின் சக்தி உரிய தரத்திற்குக் குறைந்ததன்று என்றும் அந்நிறுவனம் கூறிற்று. ஆயினும் சாட்சியை அலங்கரித்தது குற்றமே.

திரும்பும் வழியில் மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, காரில் குறை ஒன்றும் இல்லையே” என்றான். “இல்லை, தம்பி, குறை விலையில்தான்” என்றேன். விற்பவர் விலையைக் குறைக்க இசையவில்லை. அவனும் அக்காரை விட்டுவிட்டான். சில நாள் என்மீது வருத்தமாயிருந்தான். இப்பொழுது அவனுடைய நண்பர்கள் தாள் கொண்டுவந்தால், அவனே அடியிலுள்ள சிறிய எழுத்தை முதலில் படிக்கின்றான்.

1947இல் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்டு தோட்டத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தனர். உழைத்த காசைப் போதைக்குக் கொடுக்கலாகாது என்பது அவர்கள் துணிபு. எண்ணும் ஒரு போதையே. வாலிபர்களே, இயந்திரத்தை நேசியுங்கள், பட்டறையில் பயிலுங்கள், அது நல்ல கல்வி. ஆனால் பணப்பையைத் திறக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: அளந்தது சக்கரத்திலா, இயந்திரத்திலா? அன்றைய வெப்பமும் அழுத்தமும் ஈரமும் என்ன? திருத்தியது எந்த விதிப்படி? பெருக்குவதற்கு முன் இருந்த எண் எது? பால் கொட்டகையில் நம் பெற்றோர் கேட்க இயலாதுபோன கேள்வியும் இதுவே. கேட்கும் வாய்ப்பு நமக்கு வந்திருக்கின்றது, கேட்போமாக.