87-வது லைட்டு மேல போட்ட பழி

தைப்பூசத்தன்னிக்கு எங்க தண்ணீர்ப் பந்தல் வேலைப் படம் எடுத்தவங்க நிறைய பேர், "லைட்டு பிரமாதம்"னு சொன்னீங்க. அதுக்கு முந்தின ராத்திரி நாங்க பட்ட பாட்டையும் சொல்லிடறோம்.

மணி எட்டரை. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து பால்குடம் கிளம்ப மூணு மணி நேரம்தான் இருக்கு. வேலோட இலைப் பகுதி பளபளன்னு எரியுது, தண்டு முழுக்க இருட்டு. மொத்தம் 200 பிக்சல் லைட்டு, 50 லைட்டா நாலு சரம், 12 வோல்ட். எண்ணிப் பார்த்தா 86 வரைக்கும் எரியுது. 87-லிருந்து ஒண்ணும் இல்லை.

அந்த 87-ஐ ரெண்டு நாளைக்கு முன்னாடி மாத்தினது எங்க பாலிடெக்னிக் தம்பி. அவ்வளவுதான், எல்லாரும் அவன் மேல பாஞ்சோம். "ஒழுங்கா சால்டர் வச்சியா இல்லையாடா?" அவன் எதுவும் பேசலை. டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். 87-ஐ வெட்டிப் போட்டுட்டுப் புதுசு வச்சோம். இருபது நிமிஷம் போச்சு. அப்பவும் இருட்டுதான். கையில் மிச்சம் ரெண்டே லைட்டு. சிம் லிம் டவர் கடைங்க எல்லாம் மூடியாச்சு.

அப்பத்தான் எங்க எலக்ட்ரிஷியன் அண்ணன் மீட்டரை எடுத்தார். 87 கிட்ட 11.8 வோல்ட் வருது. பவர் குறையில்லை. "அப்போ டேட்டா வரலை. எரியற லைட்டைப் பாருங்கப்பா"ன்னார்.

பழைய சீரியல் செட்டுல ஒரு பல்பு போனா வரிசை மொத்தமும் அணையும். பிக்சல் அப்படியில்லை. பந்தியில் இலைக்கட்டைக் கொடுத்தா முதல் ஆள் ஒரு இலையை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அடுத்தவர்கிட்ட தள்ளுவார் இல்லையா, அதே மாதிரிதான். ஒவ்வொரு லைட்டுக்குள்ளேயும் ஒரு சிப். கண்ட்ரோலர் அனுப்பறதில் முதல் 24 பிட்டைத் தனக்கு எடுத்துக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் எட்டெட்டு. மிச்சத்தை அடுத்த லைட்டுக்குத் தள்ளிவிடும். தன் இலையை எடுத்துக்கிட்டவர் கட்டை மடியிலேயே வச்சுக்கிட்டா? அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார், பக்கத்து ஆளுக்கு இலை இருக்காது.

கரண்ட்டை அணைச்சு, 86-லிருந்து வெளியே வர்ற டேட்டா வயரைக் கழட்டி, கையில் இருந்த நல்ல லைட்டில் கொடுத்துப் பார்த்தோம். எரியலை. 85-லிருந்து கொடுத்தோம். உடனே எரிஞ்சது. கோளாறு 86-ல். டார்ச் அடிச்சுப் பார்த்தா, வயர் உள்ளே போற இடத்தில் ரெசின் விட்டுப்போய் தண்ணி இறங்கியிருக்கு.

புதுசு வச்சோம். அவசரத்தில் தலைகீழா வச்சுட்டோம்! உள்ளே அம்புக்குறி இருக்கும், டேட்டா அந்தத் திசையில்தான் போகும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வயர், ஏமாத்திடும். மத்த கோயில் தொண்டூழியருங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. கழட்டித் திருப்பி வச்சு, ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடினப்போ மணி பத்தே கால். சுவிட்சைப் போட்டோம். தண்டு நுனி வரைக்கும் ஓடிச்சு. "அரோகரா!" சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

தம்பிகிட்ட எல்லாரும் மன்னிப்பு கேட்டோம். "பரவால்லண்ணே"ன்னான். குப்பையில் கிடந்த அந்த 87-ஐத் தேடி எடுத்து, துடைச்சுப் பையில் போட்டுக்கிட்டான். "இது நல்ல லைட்டுதான், அடுத்த வருஷத்துக்கு ஆகும்."